மெக்னீசியம் மாத்திரை அப்பாவின் காலுக்குத் தெம்பு தருமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அப்பாவுக்கு 51 வயது. காசிமேட்டில் மீன் கூடை இறக்குகிற வேலை. இருபது வருஷமாகத் தினம் ஒரு குவார்ட்டர், சில நாள் இரண்டு. ஈரல் சுருங்கி, வயிற்றில் தண்ணீர் கோத்து, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தார். ஏழு வாரமாகக் குடிக்கவில்லை. ஆனாலும் தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. மெக்னீசியம் குறைந்திருக்கும் என்று சொல்லி மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையிலோ மெக்னீசியம் 1.8, நார்மல் என்று வந்திருக்கிறது. யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடம்பில் மெக்னீசியம் குறைவா என்பது ஒன்று. குறைவாகவே இருந்தாலும் கால் தளர்ந்துபோனதற்கு அதுதான் காரணமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், ரிசல்ட் நார்மலாக இருந்தாலும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டாவதற்கு, அது ஒரு சின்னப் பங்காக இருக்கலாம், முழுக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நான் பொது மருத்துவர். வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்து ஆட்களைத்தான் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். மூட்டை தூக்குகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் இந்த நோயோடு வரும்போது, மஞ்சள் காமாலையைவிடவும் வயிற்று வீக்கத்தைவிடவும் அவர்களை அதிகமாக உடைத்துப்போடுவது இந்தக் கை கால் தளர்ச்சிதான். உடம்பை நம்பிப் பிழைத்தவர்கள் இல்லையா. உங்கள் அப்பாவை நான் தொட்டுப் பரிசோதிக்கவில்லை, மற்ற ரிப்போர்ட்டுகளையும் பார்க்கவில்லை. அதனால் இங்கே எழுதுவதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டாக வேண்டாம்.

முதலில் அந்த 1.8. பெரியவர்கள் உடம்பில் மொத்தம் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மிச்சத்தில் பெரும்பகுதி தசையிலும் மற்ற உறுப்புகளின் செல்களுக்குள்ளும். ரத்தத்தில் ஓடுவது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. லேபில் அளப்பது அந்தத் துளியைத்தான். கல்லாவில் கிடக்கும் சில்லறையை எண்ணிவிட்டுக் கடைக்காரரின் சொத்து இவ்வளவுதான் என்று சொல்வது மாதிரி அது. ரத்தத்தில் அளவு இறங்கினால் எலும்பும் செல்களும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து ஈடுகட்டும். அதனால் இருப்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மில்லிகிராம் வரை என்கிற நார்மல் எல்லைக்குள்ளேயே எண் நிற்கலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ரத்த மெக்னீசியத்தில் ஒரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஈரல் நோயில் ஆல்புமின் குறைந்துபோவதால், உண்மையில் வேலை செய்யும் மெக்னீசியம் போதுமானதாக இருந்தும் மொத்த அளவு குறைவாகத் தெரியலாம். ஆக, எண் 1.2 என்று மிகக் கீழே வந்திருந்தால் குறைபாடு ஏறக்குறைய நிச்சயம் என்று சொல்லிவிடலாம். 1.8 என்பது எதையும் நிச்சயமாகச் சொல்லாது. சந்தேகம் பலமாக இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அதில் எவ்வளவு மெக்னீசியம் வெளியேறுகிறது என்று பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் அதைச் செய்கிறவர்கள் அபூர்வம்.

குடிக்கிறவர்களுக்கு ஏன் இது குறைகிறது? சாப்பாடு சரியில்லாதது, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் தெரிந்த காரணங்கள். கணையமும் கெட்டிருந்தால் கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு மெக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பலருக்குத் தெரியாதது சிறுநீரகத்தின் பங்கு. வடிகட்டிய மெக்னீசியத்தைத் திரும்ப உறிஞ்ச வேண்டிய நுண்குழாய்களைச் சாராயம் மந்தமாக்கிவிடுகிறது, அதனால் உடம்புக்கே போதாத நேரத்திலும் அது சிறுநீரில் போய்க்கொண்டிருக்கும். நல்ல செய்தி, குடியை நிறுத்தினால் இந்தக் கசிவு ஏறக்குறைய ஒரு மாதத்தில் நின்றுவிடுகிறது. உங்கள் அப்பா ஏழு வாரம் தாண்டிவிட்டார், அந்தக் கதவு அநேகமாக மூடியிருக்கும். ஆனால் வேறு வழிகள் திறந்திருக்கின்றன. வயிற்றுத் தண்ணீருக்கு லாசிலாக்டோன் மாதிரி மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதில் இரண்டு மருந்துகள் உண்டு. ஃபுரோசமைடு மெக்னீசியத்தை வெளியே தள்ளும், ஸ்பைரனோலாக்டோன் ஓரளவு தக்கவைக்கும். மலம் இளகுவதற்கு லாக்டுலோஸ் சிரப் குடித்து நாளுக்கு ஆறேழு முறை போகிறார் என்றால் அதுவும் ஒரு வழி. அப்புறம் கேஸ் மாத்திரை. ஒமெப்ரசோல், பேன்டப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. நம் ஊரில் அந்த மாத்திரையை ஒரு முறை எழுதினால் பிறகு யாரும் நிறுத்துவதில்லை.

மெக்னீசியம் உண்மையிலேயே தீர்ந்துபோனால் என்ன ஆகும்? கை நடுங்கும், தசை துடிக்கும், விரல்கள் கோணி இழுக்கும், பலவீனம் வரும். முற்றினால் வலிப்பும் இதயத் துடிப்புத் தாளம் தப்புவதும் உண்டு. 1954-இல் எட்மண்ட் ஃபிளிங்க் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்களும் குடிநோயாளிகளிடம் இந்தக் குறைபாட்டை விவரித்து எழுதிய காலத்திலிருந்தே இது தெரிந்த விஷயம். இதைவிட முக்கியமாக நான் கருதுவது, மெக்னீசியம் குறைந்தால் கூடவே மற்றவையும் சரிவதுதான். மெக்னீசியத்தைச் சரி செய்யாமல் பொட்டாசியம் சிரப்பை மட்டும் ஊற்றினால் அது சிறுநீரில்தான் போய்ச் சேரும். கால்சியமும் அப்படியே, அதைக் காக்கும் பாராதைராய்டு ஹார்மோன் மெக்னீசியம் இல்லாமல் சரியாகச் சுரக்காது, சுரந்ததும் சரியாக வேலை செய்யாது. தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் வேலைக்கு வர வேண்டுமானாலும் மெக்னீசியம் வேண்டும். பொட்டாசியம் குறைந்தாலும் தசை தளரும், பாஸ்பேட் குறைந்தாலும் தளரும். குடிநோயாளியின் பலவீனத்தில் எது எதனால் என்று பிரிப்பது அதனால்தான் கஷ்டம்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 'தெம்பே இல்ல, ஒரு பாட்டில் ஏத்துங்க சார்' என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது எங்கள் பேட்டைகளில் சகஜம். பட்டினியாகக் குடித்துக்கொண்டிருந்தவருக்கு வெறும் குளுகோஸ் ஏற்றினால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் தள்ளிவிடும். தயமின் கையிருப்பும் ஒரேயடியாகச் செலவாகி, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, புத்தி குழம்பும் நிலைக்குக் கொண்டுபோகலாம். அதனால் குடிநோயாளிக்கு முதலில் தயமின் ஊசி, பிறகோ கூடவோ குளுகோஸ் என்பது நாங்கள் படித்த பாலபாடம். அப்பாவுக்குத் தெம்பு வரட்டும் என்று தெருமுனை கிளினிக்கில் பாட்டில் போட வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. மெக்னீசியம் கொடுத்தால் தசைக்குப் பலம் வருகிறதா என்று நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1992-இல் வெளிவந்த நார்வே ஆய்வில், நீண்ட நாள் குடிநோயாளிகளுக்கு ஆறு வாரம் மெக்னீசியம் மாத்திரை கொடுத்தபோது கைப்பிடி வலு கூடியது. 2005-இல் டென்மார்க்கில், குடியால் ஈரல் கெட்டவர்களுக்கு முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மெக்னீசியம் எடுத்தவர்களுக்கும் பலம் கூடியது, வெறும் டம்மி மாத்திரை எடுத்தவர்களுக்கும் கூடியது, இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டும் சின்ன ஆய்வுகள். உங்கள் அப்பாவின் நிலைக்குக் கிட்டே இருப்பது இரண்டாவது என்பதால் நான் அதற்கே எடை அதிகம் கொடுப்பேன். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: சிகிச்சைக்கு வந்து, கவனிப்பில் இருந்து, சாப்பாடும் கிடைத்தாலே தசை திரும்பத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பெருமையை மாத்திரைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அப்படியானால் காலைத் தளரவைத்தது எது? பெரும்பங்கு சாராயமேதான், நேரடியாக. 1989-இல் பார்சிலோனா மருத்துவர்கள் தசையைப் பற்றி எந்தப் புகாரும் சொல்லாத 50 குடிநோயாளிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 42 பேருக்குத் தோள்பட்டை வலு குறைந்திருந்தது. தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்ததில் 46 சதவீதம் பேருக்கு நோய் தெரிந்தது. வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு குடித்தார்கள் என்பதோடு அந்தப் பலவீனம் ஒத்துப்போனது. நம் கடைக் கணக்குப்படி, 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம் இருக்கிறது. அதை இருபது வருஷத்தால் பெருக்கிப் பாருங்கள். இந்தத் தசை நோய் இடுப்பையும் தொடையையும் தோளையும் பிடிக்கும். வேகமாக இயங்கும் தசை நார்கள்தான் முதலில் மெலியும். சிபிகே என்கிற தசை நொதிப் பரிசோதனை பெரும்பாலும் நார்மலாகவே வரும். குடியை அடியோடு விட்டால் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷம் வரைகூட, மெல்ல மெல்லத் தேறும். ஏழு வாரத்தில் எழுந்து ஓடவில்லை என்று மனம் விடுவதற்கு ஒன்றும் இல்லை.

சுருங்கிய ஈரல் தன் பங்குக்கும் தசையைத் தின்கிறது. நல்ல ஈரல் சர்க்கரையைச் சேமித்துவைத்து ராத்திரி முழுக்கக் கொடுக்கும். சுருங்கிய ஈரலில் அந்தச் சேமிப்பு இல்லை, அதனால் இவர்களுக்கு ஒரு ராத்திரிப் பட்டினி என்பது நல்ல உடம்புக்காரருக்கு இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். விடிவதற்குள் தசையைக் கரைத்துத்தான் உடம்பு ஓடுகிறது. போதாக்குறைக்கு, ஈரல் கழிக்க முடியாத அம்மோனியாவும் தசை வளர்ச்சியைத் தடுக்கிறது. இந்த நேரம் பார்த்து வீட்டில் பத்தியம் ஆரம்பித்துவிடுவார்கள். ஈரல் நோய் என்றால் முட்டை ஆகாது, மீன் ஆகாது, கஞ்சியும் மோர் சாதமும்தான் என்று. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் மெலிந்த தசையை மேலும் மெலிய வைக்கும் வேலை அது. புரதத்தைக் குறைக்கக் கூடாது என்பது இன்று உறுதியான விஷயம். தண்ணீர் எடையைக் கழித்த உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை நாளொன்றுக்குப் புரதம் வேண்டும். அவர் 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், மீதி பருப்பு, சுண்டல், பால், தயிர் என்று சேர்க்கலாம். காசிமேட்டுக்காரருக்கு மீனைத் தடை செய்வது எனக்கு நியாயமாகவே படவில்லை. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும்தான் வேண்டாம், உப்பு வயிற்றுத் தண்ணீரைக் கூட்டும். நண்டு, மட்டி, கடம்பா எதுவானாலும் நன்றாக வெந்திருக்க வேண்டும். ஈரல் கெட்டவர்களுக்கு அரைவேக்காட்டுக் கடல் உணவில் இருக்கும் ஒரு கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. காலில் புண்ணோடு கடல் தண்ணீரில் இறங்குவதும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

ராத்திரி படுப்பதற்கு முன் ஏதாவது சாப்பிட வையுங்கள். நியூசிலாந்து மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சத்துப் பானத்தை ஒரு கூட்டத்துக்குப் பகலிலும் இன்னொரு கூட்டத்துக்கு ராத்திரியிலும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். உடம்பில் புரதம் கூடியது ராத்திரி குடித்தவர்களுக்குத்தான். விலை உயர்ந்த டப்பா பவுடர் எதுவும் வேண்டியதில்லை. பால் ஊற்றிய கேழ்வரகுக் கஞ்சி, கூட ஒரு வாழைப்பழம் போதும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 140 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கிறது, வேர்க்கடலையிலும் எள்ளிலும் அதைவிட அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இளநீரை மட்டும் யோசித்துக் கொடுங்கள். ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே தங்கும், சிறுநீரகமும் மந்தமாக இருந்தால் அது எல்லை மீறலாம். பொட்டாசியம் அதிகமானாலும் கால் தளரும், இதயத்துக்கும் ஆபத்து.

தளர்ச்சி எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். தரையிலிருந்து எழ, படி ஏற, கொடியில் துணி போடக் கஷ்டம் என்றால் இடுப்பு, தோள் பக்கத் தசைகள். நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள், பக்கத்தில் நின்றுகொண்டு. மாதம் ஒரு முறை குறித்துவைத்தால் தேறுகிறாரா என்று எந்த ரத்தப் பரிசோதனையையும்விட அது நன்றாகச் சொல்லும். அடுத்து, நடக்கும்போது செருப்பு கழன்று போகிறதா, போனால் அவருக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தே கழன்றால் பாதத்தைத் தூக்கும் வலு குறைவு. தெரியாமலே கழன்றால் உணர்ச்சி நரம்பு கெட்டிருக்கிறது, பாத எரிச்சலும் மரத்துப்போவதும் கூட இருக்கும். காலை அகட்டிவைத்துத் தள்ளாடி நடந்தால் சிறுமூளை. இவை ஒவ்வொன்றும் தனி நோய், மருத்துவமும் தனி. எல்லாவற்றையும் சத்துக் குறைவு என்ற ஒரே பையில் போடக் கூடாது.

கெண்டைக்கால் இழுப்புக்கு வருகிறேன். ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அது மிகச் சகஜம். தண்ணீர் மாத்திரை அளவு கூடினால் அதிகமாகும். மெக்னீசியம் கொடுத்தால் நிற்கும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். ஈரல் நோய் இல்லாத முதியவர்களின் இழுப்பில் அது பெரிதாக உதவவில்லை என்றே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் மெக்னீசியம் உண்மையில் குறைந்திருந்தால் அதை நிரப்புவது நியாயம். பேக்லோஃபென், டாரைன் போன்ற மருந்துகளும் உண்டு, அவற்றை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேடிக்கையாக ஒன்று: 2022-இல் அமெரிக்காவில் ஈரல் நோயாளிகளுக்கு இழுப்பு வந்தவுடன் வெள்ளரி ஊறுகாயின் புளிப்புத் தண்ணீரை ஒரு மடக்கு குடிக்கவைத்துச் சோதித்தார்கள், வலியின் கடுமை குறைந்தது. நம் மாங்காய் ஊறுகாயை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது வேறு சரக்கு, எண்ணெயும் உப்பும். இழுக்கும்போது பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடித்து நீட்டிவிடுவது காசில்லாத, கெடுதல் இல்லாத வழி.

சரி, வாங்கிய மாத்திரையைக் கொடுக்கலாமா? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் வேண்டாம். ஈரல் முற்றினால் சிறுநீரகமும் சோர்ந்துபோகும், அப்போது மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கும். தேங்கினாலும் பலவீனம்தான், தூக்கக் கலக்கமும் ரத்த அழுத்தம் இறங்குவதும் கூடவே வரும். தசை மெலிந்தவர்களுக்குக் கிரியாட்டினின் 1.0 என்று அழகாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் அவ்வளவு நன்றாக இல்லாமல் இருக்கலாம், மருத்துவருக்கு அது தெரியும். இன்னொன்று, மெக்னீசியம் ஆக்சைடு மாத்திரை உடம்பில் சேர்வது குறைவு, வயிற்றைப் போகவைப்பது அதிகம். லாக்டுலோஸும் சேர்ந்து பேதியானால் உடம்பு வற்றி, மூளை மந்தமாகும் நிலைக்கு அவரைத் தள்ளிவிடும். சிறுநீரகம் நன்றாக இருந்து, மருத்துவர் சம்மதித்து, சில வாரம் கொடுத்துப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொடுத்தால் நடுவில் ரத்தத்தில் ஒரு முறை அளந்துவிட வேண்டும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட், ஆல்புமின், கிரியாட்டினின், வைட்டமின் டி, பி12 பார்த்தாயிற்றா, தயமின் எழுதியிருக்கிறதா, கேஸ் மாத்திரை இன்னும் தேவையா, தசைக்குப் பயிற்சி சொல்லித்தர பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அந்தத் தேதிவரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு: பகலில் தூங்கி ராத்திரி விழித்துப் புலம்புவது, சிறுநீர் கோலா நிறத்தில் போவதோடு தொடை வலிப்பது, ஒரு பக்கம் மட்டும் கை கால் தளர்வது, விழுந்து தலையில் அடிபட்ட பிறகு சில நாளில் மந்தமாவது, வலிப்பு, கறுப்பாக மலம் போவது. இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.